கடைசிப் பச்சை

எங்கள் வயதுவந்தோர் கல்வி மையத்தில் "பயிற்சி" என்ற சொல்லை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் இயக்குநரின் முகம் கசந்துபோகும். பயிற்சி என்பது குதிரைக்குக் கொடுப்பது, ஆசிரியருக்குக் கொடுப்பது வாய்ப்பு. முழுப் பெயர் தொழில்முறைக் கற்றல் வாய்ப்பு. வாய்ப்பை வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் விளக்கம் கேட்கப்படும் என்பதையும், மறுபடியும் வேண்டாம் என்றால் வகுப்பு எடுக்கும் அனுமதியே ரத்தாகும் என்பதையும் அவர் தன் முதல் உரையிலேயே மாறாத சிரிப்போடு சொல்லி முடித்துவிட்டார். கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். இங்கே தின்னாவிட்டால் தண்டனை.

நான் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் பின்னால், சோப்புத்தூள் மூட்டைகள் அடுக்கிய அறைதான் என் பள்ளிக்கூடம். பகல் ஷிப்ட் முடிந்து, நீராவியில் ஊறி வெளுத்த விரல்களோடு வந்து உட்காருவார்கள். தும்மிக்கொண்டே படிப்போம். ஆறேழு பெண்கள், அவர்களோடு இஸ்திரி மாமா என்கிற ஒரே ஒரு ஆண்.

அவர்களுக்குத் திடீரென்று படிப்பில் ஆசை வந்ததற்குக் காரணம் பைகள். முன்பெல்லாம் வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி வரும் பைகள் நிறம்நிறமாக இருக்கும். நிறத்தைப் பார்த்து எந்த எந்திரத்தில் போடுவது என்று பிரித்துவிடுவார்கள். நிர்வாகம் ஒரு நாள் எல்லாப் பைகளையும் வெள்ளையாக்கியது. நிறத்துக்குப் பதிலாக எழுத்து: அறுவை, குழந்தைகள், தீப்புண், தொற்று. படிக்கத் தெரியாதவர் கையால் தொற்று வார்டுத் துணி குழந்தைகளின் துணியோடு கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று கண்காணிப்பாளர் கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பில்லை. அதற்கு அவர் கண்ட தீர்வுதான் தேர்வு. பைகளை வரிசையாகத் தூக்கிக் காட்டுவார், படிக்க வேண்டும். படித்தவர் உள்ளே, படிக்காதவர் பின்பக்கக் கழிவுக் கொட்டகைக்கு, நிரந்தர வேலையிலிருந்து தினக்கூலிக்கு.

எல்லோரையும்விட அதிகம் பயந்தது மூட்டை அக்கா. ஈரத் துணி மூட்டையை இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற இடத்தில் தனியாகத் தூக்குவாள் என்பதால் அந்தப் பெயர். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். "கொட்டகைக்குப் போனா வெறும் கையால ஊசியும் கட்டுத்துணியும் பொறுக்கணும் டீச்சர். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொண்ணுங்களுக்கு யாரு?" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு குறிக்கோள் கிடையாது. அவள் நான்கைந்து வார்த்தைகள் படிக்க வேண்டும். கையில் சில வாரங்கள் இருந்தன. போதும், தாராளமாகப் போதும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே எனக்கு வாய்ப்பு வந்தது.

முதல் வாய்ப்பின் தலைப்பு "எழுத்தை உணர்தல்". கூடத்தில் நாற்பது சொச்சம் ஆசிரியர்கள். நாற்காலிகள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன, ஏனென்றால் நாற்காலி அதிகாரத்தின் அடையாளம். இயக்குநருக்கு மட்டும் மூட்டுவலி காரணமாக ஒரு நாற்காலி. கழுத்தில் சிறிய மைக் மாட்டியிருந்தார். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

"தோழமைகளே, எழுத்தை யாரும் யாருக்கும் சொல்லித்தர முடியாது. எழுத்தா மாறணும். மாறிப் பாருங்க" என்றார்.

மாறினோம். எனக்கு "ட" கிடைத்தது. காலை நீட்டி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் முடிந்தது. "இ" கிடைத்த பெண்ணுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சிறையில் கைதிகளுக்குப் பாடம் எடுக்கும் ஒருவர் இருந்தார், எங்களுக்கு அவர் சிறை வாத்தியார். அவருக்கு "ஃ" வந்ததால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று புள்ளியாகக் குந்திக்கொண்டார். மதியம்வரை அப்படியே இருந்தோம். எழுத்தின் பெயரை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. பெயர் சொன்னால் தேடல் செத்துவிடுமாம்.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு சடங்கு உண்டு. எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு அட்டை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. புரிந்தது என்றால் பச்சை, புரியவில்லை என்றால் சிவப்பு. "கடைசிப் பச்சை உயரும் வரை கற்றல் ஓயாது" என்று சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். இயக்குநரே கண்டுபிடித்த விதி. ஒரு சிவப்பு இருந்தாலும் அமர்வை முடிக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத சலவைக்கூடத்துக்கு எழுத்து, எழுதப் படிக்கத் தெரிந்த எங்களுக்கு நிறம். நிர்வாகங்கள் இப்படித்தான் ஆளறிந்து கொடுக்கின்றன.

நான் விவரம் தெரியாமல் அன்று சிவப்பைத் தூக்கிவிட்டேன். "ஐயா, இன்னைக்கு சாயங்காலம் வகுப்பு இருக்கு. போய் எந்த எழுத்தை முதல்ல சொல்லித் தரணும்?" என்று கேட்டேன்.

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஊருக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வந்தவர்கள், "இ"யாக இருந்து முதுகு போனவள், எல்லோரும். "அம்மா தாயே, பச்சையைக் காட்டு" என்று யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். காட்டினேன். அமர்வு வெற்றிகரமாக முடிந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் கணவர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர்.

"நான் ஒழுகற குழாயைப் பார்க்கப் போனா சரி பண்ணிட்டு வர்றேன். ஒழுகறதை உணர்ந்துட்டு வந்தா என்னை உயிரோட விடுவாங்களா?" என்றார்.

அடுத்த வாய்ப்புக்கு ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்து, அதைப் பார்த்து "நான் யார்?" என்று கேட்கச் சொன்னார்கள். நான் சாயங்கால வகுப்பை விட்டுவிட்டு வந்த ஒரு பெண் என்று கண்ணாடி சொன்னது. அதற்கடுத்தது, கிடைக்கும் வாய்ப்புகளைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதற்கான வாய்ப்பு. அதில் முக்கால்வாசி நேரம் மைக்கைச் சரிசெய்தார்கள். ஒவ்வொன்றும் என் வகுப்பு நேரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. நடுவில் கிடைத்த சாயங்காலங்களில் அக்கா "அறுவை" படித்தாள். "குழந்தைகள்" வரை வந்துவிட்டாள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் மறுபடியும் அழைப்பு வந்தது. வாரம் முழுவதும். தலைப்பை இரண்டு தடவை படித்தேன்: "கற்போர் ஏன் வகுப்புக்கு வருவதில்லை?"

கூடத்தில் எங்களைக் குழுக்களாகப் பிரித்து, காரணங்களைப் பெரிய தாளில் வண்ணப் பேனாவால் எழுதச் சொன்னார்கள். சோம்பல் என்று ஒரு குழு எழுதியது. ஆர்வக் குறைவு, குடும்பச் சூழல் என்று இன்னொன்று. மேகம்போல வரைந்து அதற்குள் எழுதிய குழுவுக்குக் கைதட்டல் கிடைத்தது. நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, என் வகுப்புல எல்லாரும் வந்திருக்காங்க. இந்நேரம் உக்காந்திருப்பாங்க. நான்தான் போகல."

"அருமையான கோணம்! பெரிய தாள்ல எழுதி ஒட்டிடுங்க" என்றார் இயக்குநர்.

ஒட்டினேன். அது அங்கேயே ஒட்டிக்கொண்டு இருந்தது. தேநீர் இடைவேளையில் அவர் அறைக்குப் போய், இந்த வாரம் மட்டும் என்னை விட்டுவிடும்படி கேட்டேன். அக்காவைப் பற்றி, கொட்டகையைப் பற்றி, இரண்டு பெண்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பொறுமையாகத்தான் கேட்டார். அதை மறுக்க மாட்டேன்.

"நீங்க ரொம்பச் சின்னதா யோசிக்கிறீங்கம்மா. நீங்க ஒருத்தருக்குச் சொல்லித் தந்தா ஒருத்தர் படிப்பார். நான் உங்களுக்கு வாய்ப்பு தந்தா நாப்பது பேர் வளருவாங்க. எனக்கு மேல இருக்கறவங்க எனக்குத் தந்தா இந்தத் துறையே வளரும். இதுல அடியில இருக்கற அந்த ஒருத்தர் படிச்சாரா இல்லையாங்கறது, மன்னிக்கணும், ரொம்பச் சின்ன விஷயம்."

"அந்த ஒருத்தருக்காகத்தானே ஐயா இவ்வளவும்?"

"தப்பு. பெரிய தப்பு. எனக்கு இந்தத் துறையிலதான் தலை நரைச்சது. ஒரு நாள்கூட ஒரு வகுப்புக்குள்ள கால் வெச்சதில்ல. அதனாலதான் என்னால முழுசாப் பார்க்க முடியுது. வகுப்புக்குப் போறவங்க அந்தந்த மாணவர் முகத்தைப் பார்த்தே கெட்டுப் போயிடறாங்க. நீங்களும் கெட்டுப்போய்க்கிட்டு இருக்கீங்க. நான் காப்பாத்தப் பார்க்கறேன்."

பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அவர் கவனம் அதன்மேல் போய்விட்டது. நான் வெளியே வந்து பச்சையைத் தூக்கினேன்.

தேர்வு அந்த வாரக் கடைசியில் நடந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. மற்றவர்கள் எப்படியோ தட்டுத்தடுமாறித் தேறியிருந்தார்கள். அக்கா "அறுவை" படித்தாள், "குழந்தைகள்" படித்தாள். "தொற்று" என்ற பையைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். "இதைக் கலந்தா என்ன ஆகும் தெரியுமா?" என்று கண்காணிப்பாளர் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். "படிச்சுட்டு வா, பார்க்கலாம்" என்று கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்.

கொட்டகை வாசலில் அவளைப் பார்த்தேன். கையில் கிழிந்த ரப்பர் உறை. நான் அழப்போகிறேன் என்று தெரிந்து அவள்தான் முந்திக்கொண்டாள்.

"விடுங்க டீச்சர். நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கே இன்னும் பாடம் முடியலையாமே."

கேலி இல்லை. ஒரு பொட்டுக் கேலிகூட இல்லை. உண்மையாகவே ஆறுதல் சொன்னாள். பாடம் முடியாத ஒரு அரைகுறை வாத்தியாரம்மாவை மன்னித்தாள். அன்றைக்கு என் உடம்பில் எரியத் தொடங்கியது எதுவோ, அதற்கு நல்ல பெயர் எதையும் நான் வைக்க மாட்டேன். அது பழிதான். இவனை, இந்த இயக்குநரை, ஊர் பார்க்க ஒரு எழுத்துக்குத் திண்டாட வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் என்று அழைக்கும் மரியாதையை அன்று ஒரு நாளைக்கு மனதுக்குள் கழற்றி வைத்தேன்.

வழி தானாக வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் மைக் வைத்துக் கத்தியது.

மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம். நாடு முழுவதற்கும் எங்கள் மையத்தை முன்மாதிரியாக அறிவிக்கலாமா என்று பார்ப்பார்களாம். அறிவித்தால் இயக்குநருக்குப் பெரிய பதவி. குழுவின் முன்னால் அவரே, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வகுப்பு எடுத்துக் காட்டப்போகிறார். எழுத்தே தெரியாதவர்கள் ஒரே அமர்வில் எழுத்தைக் "கண்டடைவார்கள்". நான் கை தூக்கி, என் சலவைக்கூடத்து ஆட்களை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"உண்மையான கற்போர் வேண்டாம். அவங்களை நம்ப முடியாது. சொன்ன நேரத்துக்குப் புரிஞ்சுக்க மாட்டாங்க. நீங்களே படிக்காதவங்களா நடிச்சுடுங்க. குழுவுக்கும் மாதிரி வகுப்புன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றார்.

ஒத்திகை தொடங்கியது. படித்த நாங்கள் படிக்காமல் இருக்கப் பழகினோம். முதலில் புருவத்தைச் சுருக்க வேண்டும். பாதியில் பெருமூச்சு. முடிவில் முகத்தில் ஒளி. ஒளி சரியாக வராதவர்களைத் தனியாக நிறுத்திப் பழக்கினார்கள். சிறை வாத்தியாருக்கு ஒளி வரும்போதெல்லாம் கொட்டாவியும் சேர்ந்து வந்தது. முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார வேண்டிய முதன்மைக் கற்பவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்.

"உங்க முகத்துல இயற்கையாவே ஒரு தெரியாத்தனம் இருக்கு" என்றார்.

"நான் எப்படி ஐயா நடிக்கணும்?"

"உங்க மாணவி யாரோ ஒருத்தங்களைச் சொன்னீங்களே, அவங்க மாதிரியே இருங்க. அச்சு அசலா."

வாய்ப்புகளில் அவர் எனக்குச் சொன்ன அத்தனை வார்த்தையிலும் நான் முழுமனதாகப் பின்பற்றியது இது ஒன்றைத்தான்.

குழு வந்தது. தலைவி தடித்த கண்ணாடி போட்ட பெரியம்மா, எதைப் பார்த்தாலும் வியக்கக்கூடியவர். சுவரில் இருந்த வாசகத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசிப் பச்சை வரைக்குமா? உண்மையாவே ஒருத்தரைக்கூட விட மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"உயிரே போனாலும் விட மாட்டோம்மா" என்றார் இயக்குநர். மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது.

பலகையில் துணி போட்டு மூடியிருந்தார்கள். இயக்குநர் அதை மெதுவாக விலக்கினார். உள்ளே "ப". கண்ணை மூடி, ஒரு சின்ன ராகத்தை முனகி, கண்ணைத் திறந்து என்னிடம் வந்தார்.

"இதைப் பார்த்ததும் உள்ளுக்குள்ள என்ன தோணுது?"

ஒத்திகைப்படி நான், "வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கற வீடு மாதிரி இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

"காலு வலிக்குதுங்கய்யா. காலையிலேர்ந்து மூட்டை தூக்கிட்டு வந்திருக்கேன். இது என்ன எழுத்து?" என்றேன்.

தலைவி பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஒரு தத்ரூபம்!" என்றார்.

இயக்குநருக்கு வியர்க்கத் தொடங்கியது. "அதை நீங்களேதான் கண்டடையணும்" என்றார்.

"கண்டடைஞ்சுக்கிட்டே இருந்தா வேலை போயிடுங்கய்யா. உங்களுக்குத் தெரியும்ல? சொல்லிடுங்க."

"சரி, எழுத்தா மாறிப் பார்ப்போம்!" என்று அவசரமாகக் கையைத் தட்டினார். இரண்டு பேர் நின்றார்கள். நடுவில் சிறை வாத்தியார் தரையில் படுத்துக்கொண்டார். கச்சிதமான "ப". குழு படம் எடுத்தது. சிறை வாத்தியார் உண்மையிலேயே தூங்கிப்போனார். அவரை எழுப்பி உட்காரவைத்ததும், இயக்குநர் வெற்றிச் சிரிப்போடு, "இப்போ அட்டைகள்!" என்றார்.

எல்லாப் பக்கமும் பச்சை எழுந்தது. நடுவில் என் சிவப்பு.

முதல் தடவை அவர் சிரித்துச் சமாளித்தார். எழுத்தைக் காற்றில் வரையச் சொன்னார். சிவப்பு. எழுத்தோடு கைகுலுக்கச் சொன்னார். சிவப்பு. கைக்கண்ணாடி வந்தது. கண்ணாடியில் எழுத்து தெரியவில்லை, நான்தான் தெரிகிறேன் என்றேன். சிவப்பு. அடுத்த அறையில் குழுவுக்காக எடுத்து வைத்திருந்த சாப்பாடு ஆறிப்போனது. அமர்வை நிறுத்திவிட்டுச் சாப்பிடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டதற்குத் தலைவி சுவரைக் காட்டினார். "விதி விதிதான். அந்த ஒருத்தருக்காகத்தானே இவ்வளவும்?" என்றார். பெரியம்மா வாழ்க!

இயக்குநர் என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார். "போதும்மா. பச்சையைத் தூக்குங்க."

அந்தக் கிசுகிசு நான்கு ஒலிபெருக்கியிலும் முழங்கியது.

"புரியாமலே புரிஞ்சதா சொல்லணுமாங்கய்யா?" என்று நானும் சத்தமாகவே கேட்டேன்.

"உங்க அனுமதியை ரத்து பண்ணிடுவேன்!" மறுபடியும் நான்கு ஒலிபெருக்கி.

"ஓ, மிரட்டினா கற்றல் எப்படிப் பாதிக்கப்படும்னும் காட்டறீங்களா?" என்று தலைவி ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சிறை வாத்தியார் தன் அட்டையைத் திருப்பினார். சிவப்பு. என்னைப் பார்க்கவே இல்லை, நேரே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதுகு பிடித்துக்கொண்ட "இ". பிறகு அன்று பல்லைக் கடித்தவர்கள், பேருந்தைத் தவறவிட்டவர்கள், காப்பகத்து வாசலில் கடைசித் தாயாகப் போய் நின்றவர்கள். அட்டைகள் திரும்பிக்கொண்டே போயின. கூடம் மொத்தமும் சிவந்தது. நாற்பது சொச்சம் பட்டதாரிகள் "ப" தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

சொல்லிவிடுகிறேன்: எனக்கு இனித்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியதும், மூட்டுவலியை மறந்து அங்குமிங்கும் ஓடியதும், ராகம் அறுந்து இருமலானதும், ஒவ்வொன்றும் இனித்தது. கொட்டகையின் நாற்றம் என் மூக்கை விட்டுப் போயிருக்கவில்லை. இரக்கம் வருகிறதா என்று ஒரு தடவை உள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை.

வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாகப் பலகைமேல் விழுந்த நேரத்தில் அவருக்குள் ஏதோ உடைந்தது. மைக்கைப் பிய்த்து எறிந்தார். அது இல்லாமலே கூடம் அதிரும்படி பலகையைக் கையால் அறைந்தார்.

"இது ப! ப! வேற ஒண்ணும் இல்ல, வெறும் ப! சொல்லுங்க, ப!"

"ப" என்றோம் எல்லோரும்.

"ப!"

"ப."

நான் பலகையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். ஒத்திகையில் வராத ஒளி அன்று என் முகத்தில் வந்திருக்க வேண்டும்.

"அவ்வளவுதானுங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் பச்சையைத் தூக்கினேன். கூடமே பச்சையானது. குழு எழுந்து நின்று கைதட்டியது.

"அபாரம்! கடைசியா நீங்க பண்ணினீங்களே, எழுத்தைக் காட்டி, அதோட பேரைச் சொல்லி, எல்லாரையும் சொல்லவெச்சீங்களே, அந்தப் புது முறைக்கு என்ன பேரு?" என்று தலைவி கேட்டார்.

இயக்குநர் தான் எறிந்த மைக்கைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார். சிறை வாத்தியார்தான் எழுந்து சொன்னார்.

"சொல்லித் தர்றதுங்கம்மா."

தலைவி அதையும் குறித்துக்கொண்டார்.

குழுவின் முடிவு சில நாளில் வந்தது. முறை சிறந்தது, ஆனால் அதை வந்தடைய இயக்குநருக்கு ஒரு பகல் முழுவதும் தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே அவருக்குத் தொழில்முறைக் கற்றல் வாய்ப்புகள் போதாது. தூரத்து ஊரில் இருக்கும் மேல்நிலை மையத்தில் தங்கிப் படிக்கும் நீண்ட வாய்ப்பு அவருக்கு வழங்கப்படுகிறது. அட்டை விதி மிகவும் பிடித்துப்போனதால் அங்கேயும் அதையே நடைமுறைப்படுத்துகிறார்கள். அவர் பெட்டியோடு கிளம்பிப் போனார். எங்களை வாய்ப்புக்கு அழைக்க அவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் வாய்ப்புகள் நின்றன. வேறு வழியின்றி நாங்கள் போய்ப் பாடம் நடத்தினோம்.

ஒரு சாயங்காலம் வகுப்பு நடுவில் தலைவி போன் செய்தார். இயக்குநர் இரண்டு நாள் விடுப்புக் கேட்கிறாராம். மையத்தில் வேலை கெட்டுப்போகிறது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறாராம். முதன்மைக் கற்பவர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார். என் முன்னால் அக்கா, கொட்டகையிலிருந்து நேரே வந்தவள், கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, "தொற்று" என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ரொம்பச் சின்னதா யோசிக்கறாருங்கம்மா. நல்லா முழுசாப் படிச்சுட்டே வரட்டும்" என்றேன்.

"எவ்வளவு அக்கறை உங்களுக்கு!" என்றார் தலைவி.

மறுதேர்வு என்று ஒன்றைக் கண்காணிப்பாளரிடமிருந்து வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் முற்றத்தில் வைத்து, வேண்டாவெறுப்பாகப் பைகளைத் தூக்கிக் காட்டினார். அக்கா எல்லாவற்றையும் படித்தாள். தொற்று, தீப்புண், அவர் சட்டைப்பையில் தைத்திருந்த பெயர்வரை படித்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"சரி, சரி. உள்ள இடம் காலியா இருக்கான்னு பார்க்கணும். கூப்பிடறேன், வெளிய நில்லு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நின்றோம். மறுநாளும் நின்றோம். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அன்றைக்கு ஷிப்ட் முடிந்த என் வகுப்பு ஆட்களும் வந்து வராந்தாவில் சுவரோரமாக நின்றார்கள். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அக்கா சும்மா நிற்காமல் கதவில் இருந்த பலகையை உற்றுப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு சத்தமாக, விரல் வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அழைக்காமல்... உள்ளே... வரக்... கூடாது."

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுவா டீச்சர்? இத்தனை வருஷமா இந்தப் பலகைக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கேன். ஏதோ சட்டம், பெரிய உத்தரவுன்னு நெனச்சுட்டேன். இதுக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாத்தவும் இல்லை. பின்னால் நின்ற பெண் முன்னே வந்து, பலகையைச் சத்தமாகப் படித்துவிட்டு, உள்ளே போனாள். அடுத்தவள் படித்தாள், போனாள். "என்ன இது, யாரு உங்களை..." என்று கண்காணிப்பாளரின் குரல் எழும்பியது, ஒவ்வொரு ஆளாக உள்ளே சேரச் சேரச் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியாக இஸ்திரி மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாரும் அவசரப்படுத்த முடியாத நிதானத்தில் "கூ... டா... து" என்று முடித்து, குனிந்து நுழைந்தார்.

அக்காவின் கையில் வேலை உத்தரவு வரும் வரை ஒருவரும் வெளியே வரவில்லை.